பிச்சிக்கு மல்லி வைத்தியம்

திருவனந்தபுரத்தில், கரமனையில் ஆற்றுப்பக்கம் இறங்கிப்போகிற சந்தில், ஓடு போட்ட ஒரு வாடகை வீட்டில் பூமாரி இருக்கிறாள். அவளைப் பற்றிக் குறை சொல்லவேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம்: கை சும்மா இருக்காது. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் காய் நறுக்குகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் பூசணி, வாழைக்காய், சேனை, முருங்கை என்று ஒரு மலையை நறுக்கித் தள்ளுவாள். மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகாவது காலை நீட்டி உட்காருவாளா என்றால், அதுவும் கிடையாது. கொடியில் கிடக்கிற துணியை மடிப்பாள். மடித்த துணி கோணலாக இருக்கிறதென்று பிரித்து மறுபடி மடிப்பாள். "கொஞ்சம் சும்மாதான் இரேன்" என்று யாராவது சொன்னால், "சும்மா இருந்தா எனக்குக் காய்ச்சல் வந்திரும்" என்பாள். நடந்த கூத்துக்கெல்லாம் அந்தக் கைதான் காரணம்.

சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மல்லிக்காட்டுக்குப் பூப்பறிக்கப் போய் வளர்ந்தவள். அதற்காக ஊரை நினைத்து உருகுகிற ஆளென்று நினைத்துவிட வேண்டாம். பனியில் குனிந்து மொட்டுக் கிள்ளி முதுகு ஒடிந்தவளுக்கு என்ன உருக்கம் வேண்டிக் கிடக்கிறது? கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். "தொலையட்டும் சனியன்" என்று முறைப்படி தீர்த்து எழுதி வாங்கிக்கொண்டு, தெரிந்த பெண்களோடு பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்தாள். வந்து பல வருஷம் ஒண்டியாக ஓட்டினாள். மலையாளம் வாயில் ஏறியது, மல்லுக்கட்டும் கூடவே ஏறியது. பஸ்ஸில் சில்லறை குறைந்தால் கண்டக்டரிடம் ரெண்டு பாஷையிலும் சண்டை போடுவாள்.

அதே ஹோட்டலில் சரக்கு மாஸ்டர் ஆறுமுகசாமி. சாம்பாரும் ரசமும் அவர் கைப்பக்குவம். நல்ல மனுஷர், ஆனால் பேச்சு மட்டும் காசு கொடுத்தாலும் வராது. அவர் மனைவி கௌசல்யா சீக்கில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் அவர் பூசணிக்காய் கேட்க வந்தவர், பூசணிக்காயை வாங்கிக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு மக இருக்கா. வீடு ஒரு மாதிரி கிடக்கு. நீ வாரியா?" என்று கேட்டார். பூமாரி அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். யோசிக்க அவளுக்கு அடுத்த பூசணி நறுக்கி முடிகிற நேரம்தான் ஆயிற்று.

மகள் திவ்யலட்சுமி. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். சனிக்கிழமை வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவாள். பூமாரியை முதல் நாளிலிருந்தே மரியாதையாக "சித்தி" என்றுதான் கூப்பிட்டாள். வாங்க சித்தி, சாப்பிட்டீங்களா சித்தி, எனக்கு மதி, போதும் சித்தி, தாங்க்ஸ் சித்தி. ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. பூமாரிக்கு அதுதான் குறை! குடித்த டம்ளரைக் கழுவி வைக்கிறாள், படுத்த பாயைச் சுருட்டி வைக்கிறாள், லாட்ஜில் ரூம் எடுத்த ஆள் மாதிரி வந்து போகிறாள். இது என்ன வீடா, சத்திரமா? தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவள் பூமாரி. இந்தப் பெண் ஒரு தடவையாவது துண்டைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போகமாட்டாளா, 'போ சித்தி' என்று முகத்தைத் திருப்பமாட்டாளா என்று ஏங்கினாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல? 'எம் மக என்னை மதிக்கிறா, அது எனக்குப் பிடிக்கல' என்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

அந்த வீட்டின் பின்பக்கம் குளிமுறி என்கிற குளியலறையின் சுவரை ஒட்டி ஒரு பிச்சிக்கொடி நின்றது. கௌசல்யாவுக்குச் சொந்த ஊர் தோவாளை. பிறந்த ஊரிலிருந்து குச்சி கொண்டுவந்து அவள் நட்டது. திவ்யா வந்தால் பையை வைத்த கையோடு நேரே அங்கேதான் போவாள். கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பூ இருக்கிற காலமென்றால் நாலு பூப் பறித்து அம்மா படத்துக்கு முன்னால் வைப்பாள். அவ்வளவுதான். கௌசல்யா என்கிற பேரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதே கிடையாது. கல்யாணத்தன்றே ஆறுமுகசாமியின் அக்கா பூமாரியைத் தனியே கூப்பிட்டு, "மூத்தவ பேச்சை மட்டும் எடுத்திராத தாயி, அந்தப் பிள்ளை மனசைக் கிளறிராத" என்று ஓதி வைத்திருந்தாள். பூமாரியும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்காரி, வாயாடி, இதில் மட்டும் ஊமையாகிவிட்டாள். எந்த நேரத்தில் அந்த அக்கா வாயைத் திறந்தாளோ!

பிச்சி பின்பக்கம் இருந்ததால் பூமாரி முன்பக்கத்தில் ஒரு குண்டுமல்லி வைத்தாள். வெயில் நாள் முழுக்க விழுகிற இடம். பெரிய சிமெண்டுத் தொட்டி, அடியில் ஓட்டை, ஓட்டைமேல் ஓட்டுச்சில்லு, தொட்டிக்குக் கீழே செங்கல். மல்லிக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது, இலை மஞ்சளித்து உட்கார்ந்துவிடும். இந்த ஊர் மழை என்ன சாதாரண மழையா? வைகாசி நடுவில் இடவப்பாதி தொடங்கினால் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும். அதற்காகப் பூமாரி எங்கிருந்தோ ஒரு பழைய தேர்தல் ஃபிளெக்ஸைக் கொண்டுவந்து, நடுவில் ஓட்டை போட்டு, செடியின் கழுத்தில் மாட்டித் தொட்டியை மூடினாள். மழைக்காலம் முழுக்க யாரோ ஒரு வேட்பாளர் மல்லிச்செடிக்கு அடியில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே நனைந்தார்.

கார்த்திகை பிறந்ததும்தான் வேடிக்கை. செடிக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்தினாள். வாடி வதங்கவிட்டாள். பிறகு முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, மிச்சமிருந்த இலையையும் உருவி எறிந்து, மொட்டைக் குச்சிகளாக நிறுத்திவைத்தாள். பக்கத்துவீட்டு சபீனா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அல்லா! பூமாரிச்சேச்சி, இதெந்தொரு கொலபாதகமாணு?" என்று நெஞ்சில் கை வைத்தாள். அவள் நல்ல பெண்தான். என்ன, தெருவில் எந்த வீட்டில் பால் பொங்கினாலும் அவளுக்கு வாசனை போய்விடும். "இது கொலை இல்லம்மா, வைத்தியம். சும்மா தின்னு கொழுத்தா இது எலையாத்தான் விடும். பட்டினி போட்டு, வெட்டி, அப்புறம் எருவும் தண்ணியும் காட்டணும். அப்பத்தான் பூக்கும்" என்றாள் பூமாரி. சபீனா நம்பவில்லை. மாசி மாதம் அந்த மொட்டைக் குச்சியில் சோற்றைக் கொட்டினது போலப் பூத்ததும் வாயைப் பிளந்தாள். பூமாரிக்குத் தலை கால் புரியவில்லை. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற பெண்கள் முதல் கல்லாவில் இருக்கிறவர் வீட்டம்மா வரை மல்லி போயிற்று.

அந்தப் பெருமைதான் வினையாய் முடிந்தது. அடுத்த கார்த்திகையில் மல்லியை வெட்டிவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவளுக்குப் பிச்சி கண்ணில் பட்டது. கௌசல்யா போன பிறகு அதை யாரும் கவாத்து செய்யவில்லை, எடுத்துக் கட்டவில்லை. பந்தல் சரிந்து, கொடி தன் பாட்டுக்குக் குளிமுறி ஓட்டின்மேல் படுத்துக் கிடந்தது. உள்ளெல்லாம் காய்ந்த குச்சி. பூவும் அந்த வருஷம் நாலைந்துக்கு மேல் இல்லை. பூமாரி யோசித்தாள். அதுவும் வெள்ளைப் பூ, இதுவும் வெள்ளைப் பூ. பிச்சி மல்லிக்குத் தங்கச்சிதானே? திவ்யா வந்து பார்க்கிறபோது பந்தல் கொள்ளாமல் பூத்திருந்தால் அந்தப் பிள்ளை முகம் எப்படி இருக்கும்! யாரையாவது ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றவில்லை. கேட்டால் கௌசல்யா பேச்சு வந்துவிடுமே. குளிமுறியிலிருந்து அதற்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை அடைத்தாள். மண் வெடிக்கிற அளவு காயவிட்டாள். முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, இலையை உருவினாள்.

ஆறுமுகசாமி வேலை முடிந்து வந்தார். பார்த்தார். "ம்" என்றார். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தமென்று அவருக்கே தெரிந்திருக்காது. இப்படியும் ஒரு மனுஷர்!

சனிக்கிழமை திவ்யா வந்தாள். பையை வைத்தாள், பின்பக்கம் போனாள். பூமாரி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெருமையாகத்தான். திவ்யா அந்தக் குச்சிகளுக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "கட் பண்ணிட்டீங்களா சித்தி" என்று மட்டும் கேட்டாள். "ஆமாட்டி, மாசியில பாரு, எப்படிப் பூக்குதுன்னு" என்றாள் பூமாரி. "ஓ. சாரமில்ல, பரவால்ல சித்தி" என்று சொல்லிவிட்டு, ஆபீஸில் அவசர வேலை வந்துவிட்டதென்று அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் போட்டால், "கொஞ்சம் திரக்கு சித்தி, வேலை ஜாஸ்தி, அடுத்த வாரம் நோக்கலாம்."

பூமாரிக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. துளிர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். முன்பக்கத்து மல்லி முத்து முத்தாகத் துளிர் விட்டது. பின்பக்கத்துப் பிச்சி கம்மென்று நின்றது. ஒரு நாள் குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சையே இல்லை. அடுத்ததைக் கீறினாள், அதுவும் உலர்ந்த விறகு. மிச்சக் குச்சிகளையும் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் சபீனாவும் மதிலோரம் வந்து, குரலைத் தாழ்த்தி, "சேச்சி, விஷமிக்கருது, வருத்தப்படாதீங்க. மூத்த ஆளு வச்ச செடியை இளையவ வேணும்னே வெட்டினான்னு குழாயடியில ஒரு பேச்சு ஓடுது. நான் அப்படி நினைக்கல, கேட்டோ" என்றாள். அவள் நினைக்காததை இவ்வளவு சரியாகச் சொல்கிறாளே! பூமாரி திண்டாடிப்போனாள். தெரு என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளையும் அப்படித்தானே நினைத்திருக்கும்? இனி வரவே வராதோ?

அன்று சாயங்காலம் ஆறுமுகசாமியைப் பிடித்துக்கொண்டாள். "இங்க பாருங்க. இந்தப் பிச்சிய உங்க மொத வீட்டுக்காரி எப்படி வளத்தாவ? வாயைத் தொறந்து சொல்லுங்க." அவர் திருதிருவென்று விழித்தார். "எனக்கென்ன தெரியும் ஏளா? நான் அடுப்படியிலல்லா கிடந்தேன். அது அவளுக்கும் மகளுக்கும்தான் தெரியும்."

அப்போதுதான் பூமாரிக்குப் பொட்டில் அடித்தாற்போல உறைத்தது. தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்கத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டு கிடந்திருக்கிறோம். நாத்தனார் சொன்னதைத் தூக்கி உடைப்பில் போட்டாள். போனை எடுத்தாள்.

"திவ்யா, நான் சொல்றதைக் கேளு. வச்சிராத. மல்லிக்குச் செய்யிறதைப் பிச்சிக்குச் செஞ்சிட்டேன். எனக்கு மல்லி தெரியும், பிச்சி தெரியாது. தெரியாமத்தான் செஞ்சேன், சாமி சத்தியமா. உங்க அம்மா கௌசல்யா இதை எப்படிட்டி பாத்துக்கிட்டாவ? சொல்லிக் குடு."

அந்தப் பக்கம் ரோட்டில் லாரி போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பூமாரி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு திவ்யா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "அம்மா அதை ஒருநாள்கூட தண்ணி இல்லாமக் காயவிடமாட்டா" என்றாள். "வேர் எப்பவும் குளிர்ச்சியா இருக்கணும். அடியில தேங்காத் தொண்டு, அதான் உரிச்ச மட்டை, நெறைய அடுக்கி வச்சிருப்பா, ஈரம் பிடிச்சு நிக்கும்னு. மீன் கழுவின தண்ணி அதுக்குத்தான் போகும். வெட்டுறது தை பொறந்த பிறகு, இடுப்பு உயரத்துக்குக் கீழ கத்தியே வைக்கமாட்டா. பிச்சி தானா நிக்காது சித்தி, அதுக்கு ஆள் வேணும், தாங்கிப் பிடிக்கப் பந்தல் வேணும்." சொல்லச் சொல்ல வேகம் பிடித்தது. அம்மா பழைய சேலைக்கரையைக் கிழித்துத்தான் கொடியைக் கட்டுவாள், கயிறு அறுக்கும் என்பாள். பூக்காவிட்டால் கொடிக்கு முன்னால் நின்று, தின்னுட்டுத் தின்னுட்டு நிக்கியே, வெக்கமா இல்லையா என்று ஏசுவாள். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் மொட்டுப் பறிப்பாள். செடியைப் பற்றிக் கேட்டதற்குத் திவ்யா அம்மாவையே எடுத்துக் கொட்டினாள். இத்தனை வருஷமாக யாரும் கேட்காமல் அந்தப் பிள்ளை எப்படித்தான் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்ததோ! பூமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் தொண்டு வந்து இறங்கியது. மீன்காரனிடம் மத்தி வாங்கினாள், மீனுக்கு ஒரு தரம், செடிக்கு ஒரு தரம் என்று வேண்டுமட்டும் அலசினாள். தினமும் போட்டோ எடுத்து அனுப்பினாள். அங்கிருந்து ஆபீஸ் இடைவேளையில் வாய்ஸ் மெசேஜ் வரும்: இன்னும் தண்ணி வேணும், வெயில் விழுது, ஓலை சாத்தி வையுங்க. ஒரு கையால் தொட்டி மல்லிக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுவதும், மறுகையால் பிச்சிக்கு வாளி வாளியாகக் கொட்டுவதுமாகப் பூமாரிக்குப் பொழுது போயிற்று. ஒன்று வெயிலைக் கேட்டது, மற்றது நிழலைக் கேட்டது. ஒன்றைக் காயப் போடவேண்டும், ஒன்றைக் காயவே விடக்கூடாது. அக்கா தங்கச்சி என்று இதையா நினைத்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

மாசி பிறந்து மல்லி பூத்துத் தள்ளியபோது, பிச்சியின் அடித்தூரில், மண்ணோடு மண்ணாக, ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. பூமாரி அவசர அவசரமாக எடுத்த போட்டோவில் தொண்டும் அவள் கட்டைவிரலும்தான் தெரிந்தன. ஆனாலும் திவ்யா அந்த சனிக்கிழமை வந்தாள். வந்தவள் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து துளிரைப் பார்த்தாள். ரெண்டு பேருமாகக் கம்பு ஊன்றிக் கயிற்றுவலை கட்டினார்கள். இடவப்பாதி மழைக்குக் கொடி விறுவிறுவென்று ஏறியது. ஆவணியில் மொட்டின் அடி இளஞ்சிவப்பாக, நுனி வெள்ளையாக, முதல் பூ விட்டது. சாயங்காலம் அது விரிந்து மணத்ததும் ஆறுமுகசாமி பின்பக்கம் வந்து நின்று, "கௌசல்யா பிச்சி" என்றார். அந்த வீட்டில் அவர் அந்தப் பேரைச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சபீனாவுக்கும் ஒரு கை பூ மதிலுக்கு மேலே போயிற்று. குழாயடிப் பேச்சு அதோடு அடங்கியது.

திவ்யா வாராவாரம் வந்தாள். ஆனாலும் டம்ளரைக் கழுவி வைப்பதும், தாங்க்ஸ் சித்தியும் அப்படியேதான் இருந்தன. பூமாரி இதுபோதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வருகிறாளே, அது போதாதா?

தை பிறந்தது. கவாத்துக்கு நாள் பார்த்துத் திவ்யா லீவு போட்டு வந்தாள். காலையிலேயே ரெண்டு பேரும் பிச்சிக்கு முன்னால் நின்றார்கள். பூமாரி இந்தத் தடவை இடுப்பு உயரம் தப்பவில்லை. நுனிகளை எல்லாம் அளவாக வெட்டினாள். பிறகு கையை உள்ளே விட்டு, நெருக்கிக்கொண்டு நின்ற கொப்புகளை அடியோடு எடுக்கப் போனாள். திவ்யா அவள் கையைப் பிடித்தாள்.

"அதை எடுக்காதீங்க சித்தி."

"உள்ள காத்துப் போகணும்லாட்டி. நெருக்கிக்கிட்டு நின்னா புழு வரும்."

"எங்க அம்மா உள்ள கை வைக்கமாட்டா."

"உங்க அம்மா காலத்துல கொடி இளசு. இப்ப இது வெட்டுப்பட்டு அடியிலருந்து வந்தது, புதர் மாதிரி நிக்குது. எடுக்கணும்."

"வேண்டாம்னு சொன்னேன்ல? எல்லாத்தையும் வெட்டணுமா? ஹோட்டல்ல வெட்டுறது போதாதா?"

அவ்வளவுதான். பூமாரிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பொறுத்துப் பொறுத்து வைத்திருந்த வாய் திறந்துகொண்டது. "ஆமாட்டி, நான் வெட்டுறவதான்! உங்க அம்மா போனதுக்கப்புறம் இந்தக் கொடி சரிஞ்சு ஓட்டுமேல கிடந்துச்சே, அப்ப நீ என்ன செஞ்ச? வாரம் தவறாம வந்து பாத்துட்டு நின்னியே, ஒரு கயிறு எடுத்துக் கட்டினியா? ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனியா? தெரிஞ்ச நீ சும்மா நின்ன. தெரியாத நான்தான் கை வச்சேன்!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, என்ன சொல்லிவிட்டோம்! திவ்யாவின் முகம் சிவந்தது, கண் நிரம்பியது. கையிலிருந்த சேலைக்கரையைத் தரையில் வீசி எறிந்தாள். "நீ ரொம்பப் பேசுற சித்தி!" என்று கத்திவிட்டு, தடதடவென்று உள்ளே போனாள். அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஓடு அதிர்ந்தது. முன்பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆறுமுகசாமி எழுந்து வந்து, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றார்.

எல்லாம் முடிந்தது என்றே பூமாரிக்குத் தோன்றியது. போன வருஷம் ஒரு வார்த்தை பேசாமலே பையைத் தூக்கிக்கொண்டு போனவள், இவ்வளவு பேச்சு வாங்கிய பிறகு இருப்பாளா? பையில் துணி திணிக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தமும் கேட்டது. போய்க் கெஞ்சலாமா, காலில் விழுந்தாவது நிறுத்தலாமா என்று யோசித்தபடி அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

அறைக்கதவு திறந்தது. திவ்யா உடுப்பு மாற்றியிருந்தாள். போட்டிருந்தது பழைய நைட்டி. முகம் வீங்கியிருந்தது. நேரே அடுப்படிக்கு வந்து, பலகையை இழுத்துப் போட்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட பேசாதே" என்றாள். "நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன். எனக்குப் பசிக்குது. தோசை ஊத்து. முறுவலா ஊத்து. தின்னுட்டு வந்து உள் கொப்பை நான்தான் எடுப்பேன், நீ கையே வைக்கக்கூடாது."

பூமாரிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டாள். பிறகு சட்டென்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள், சண்டை இன்னும் முடியவில்லையே.